ஐஸுக்கும் உண்டு பாடு

படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிற மீனவர் வீட்டுப் பிள்ளை நான். அதனால் கோட்டைக்குப்பத்தில் படகுகள் வந்து சேரும் ஏரிக்கரையோரமாக ஐஸ் கடை போட்டேன். கடை என்றால் ஓர் ஓலைக் கொட்டகை, உமி நிரப்பிய மரப்பெட்டி, ஒரு சுத்தி. விடியும்போது பொன்னேரியிலிருந்து ஆட்டோவில் ஐஸ் பார் வரும். மீனோடு திரும்புகிறவர்கள் உடைத்து வாங்கிப் போவார்கள். விற்காதது மத்தியானத்துக்குள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கரைந்துவிடும்.

ஒருநாள் எதிரே இன்னொரு கொட்டகை முளைத்தது. எங்கள் தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா.

"கூடை தூக்கித் தூக்கி முட்டி பூட்ச்சு தம்பி. ஒக்காந்து செய்ற வேலையா தேடினேன். ஒன்னப் பாத்துதான் யோசனையே வந்துச்சு" என்றாள்.

நான் எவ்வளவு உழைத்தேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

போட்டியைச் சமாளிக்க நான் கண்டுபிடித்த தந்திரம், கால் பார் வாங்கினால் ஒரு கூடைத் தூள் ஐஸ் இனாம். அவளும் கொடுத்தாள். நான் இரண்டு கூடையாக்கினேன். படகுக்காரர்கள் இங்கே கால், அங்கே கால் வாங்கி, மீதியை எங்கள் இனாமிலேயே நிரப்பிக்கொண்டார்கள். இரண்டு பெட்டியிலும் ஐஸ் மிஞ்சியது. ஒரு கடை சீக்கிரம் மூடப்படும் என்று தெரிந்தது. அது எது என்பதில் என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு மத்தியானம் இரண்டு கடைத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து ஏரிக்கு ஓடுவதைப் பார்த்தபடி இருவரும் நின்றோம்.

"இதுல உன் தண்ணி எது, என் தண்ணி எது?"

"உப்பு கரிச்சா என்னுதுக்கா. காலைலேர்ந்து அழுவுறேன்."

சிரித்துவிட்டாள். "ஏரிக்கு பாடு கீதே, ஐஸுக்கும் வெச்சா இன்னா?"

ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் இன்று ஒரு கூட்டம் வலை போட்டால் நாளை அடுத்த கூட்டம். அதுதான் பாடு. முறை இல்லாதவன் வலை இறக்கக் கூடாது. அதுபோல ஒரு நாள் அவள் கடை, ஒரு நாள் என் கடை என்று பேசிக்கொண்டோம்.

முதல் ஓய்வு நாளிலேயே எனக்குக் கை அரித்தது. கொட்டகைக்குப் பின்னால் திருட்டுத்தனமாக இரண்டு பார் இறக்கி, ஒரு படகுக்காரருக்கு ஜாடை காட்டினேன்.

"இன்னா நைனா, அடுத்தவன் பாட்டுல வலை எறக்கறியா?" அவர் போட்ட சத்தம் கரை முழுக்கக் கேட்டது.

ஒருவரும் வாங்கவில்லை. அக்காதான் எழுந்து வந்தாள். "கரையறதுக்குள்ள எடுத்துனு வா" என்று என் ஐஸைத் தன் பெட்டியில் போட்டு விற்றுக் கொடுத்தாள். அதன் பிறகு வருஷக்கணக்கில் என் ஓய்வு நாளெல்லாம் அவள் கொட்டகையில், அவள் கேலியைக் கேட்டபடியே கழிந்தது.

இப்போது அக்காவை அவள் மகள் ஆரம்பாக்கத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். எல்லா நாளும் என் பாடுதான்.

"ரெண்டு கடைக்கும் நீதான்யா மொதலாளி. மூஞ்ச ஏன் அப்டி வெச்சினு கீற?" என்கிறாள் மனைவி.

அக்காவின் முறை வரும் நாளில் ஐஸை அவள் பெட்டியில் வைத்து, அவள் இடத்தில் உட்கார்ந்துதான் விற்கிறேன். அங்கிருந்து பார்த்தால் எதிரே என் கடை தெரிகிறது. உட்கார்ந்து செய்கிற வேலை மாதிரிதான் இருக்கிறது.