மச்சான் மட்டும் கண்ட தலை

கணினியில் நாங்கள் நான்கு பேர் ஓரணியாகச் சுடும் விளையாட்டு ஆடுவோம். எங்களில் ஒருவர் என் தங்கையின் கணவர். மாம்புரியில் மிளகாய்த் தோட்டம் செய்கிறார். தூரத்துக் கம்பிக் கோபுரத்தில் எதிரி தலை நீட்டினால் எப்போதும் அவர்தான் முதலில் காண்பார். அவருடையது பழைய கணினி, என்னுடையது புதியது. எனக்குத் தெரியாத தலை அவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? எதிரியைக் காட்டிக்கொடுக்கும் கள்ள மென்பொருள் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டி, மற்ற இருவரிடமும் சொன்னேன். அவரை அணியிலிருந்து நீக்கினோம்.

தங்கை தொலைபேசியில் அழுதாள். "நானா, அவரைக் கள்ளன் எண்டு சொன்னீங்களா?"

"வந்து பாத்துட்டுச் சொல்றன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மச்சான் தன் கணினிக்கு முன்னால் எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். "எல்லாத்தையும் தேடிப் பாருங்க மச்சான்."

தேடினேன். அவர் முகத்தைப் பார்க்காமலே ஒவ்வொரு கோப்பாகத் திறந்தேன். ஒன்றும் இல்லை. அப்போதும் நம்பிக்கை வரவில்லை. வேறு எங்கோ ஒளித்திருப்பார் என்றே நினைத்தேன்.

கடைசியில் விளையாட்டைப் பயிற்சி முறையில் திறந்தேன். தூரத்துக் கோபுரத்தில் எதிரி ஒருவன் தலை நீட்டியபடி அசையாமல் நின்றான். கோபுரத்தின் கம்பிகள் ரம்பப் பல் போல் தெரிந்தன. சாய்ந்த கோடுகள் இப்படிப் படிக்கட்டுப் போல் உடையாமல் மழுக்கும் ஆன்டி அலியாசிங்கை அவர் நிறுத்தி வைத்திருந்தார்.

"அதைப் போட்டா இந்தப் பழைய கம்பியூட்டர் மெதுவா இழுக்குது," என்றார்.

விளிம்புகளை மட்டும் மழுக்கும் முறையைப் போட்டுப் பார்த்தேன். கம்பி நேரானது, தலையும் தெரிந்தது, ஆனால் படம் விக்கி விக்கி ஓடியது. பிறகு என் கணினியில் இருக்கும் முறையைப் போட்டேன். முந்தைய படங்களையும் சேர்த்துக் குழைத்துக் காட்டும் முறை அது. எல்லாம் பட்டுப்போல் வழுவழுப்பானது. கோபுரத்திலிருந்த சின்னத் தலை மங்கிக் கம்பியோடு கரைந்துபோனது. மறுபடி நிறுத்தினேன். தலை மினுமினுத்துக்கொண்டு நின்றது.

"இதத்தான் நான் காணுறது," என்றார் மச்சான்.

தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உடனே உள்ளே திரும்பிப் போனாள்.

"பிழை என்ட. மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றே மற்றவர்களிடம் உண்மையைச் சொன்னேன். மூன்றாவது வாரம் மச்சான் அணிக்குத் திரும்பி வந்தார். ஆட்டம் தொடங்குமுன் அவர் கேட்டது ஒன்றுதான்: "நீங்க சோதிச்சுப் பாக்க என்ட திரையையும் காட்டவா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.