பௌர்ணமியன்னைக்கு வந்து அளங்க

செல்போன் டவர் கதிர்வீச்சு மனுஷ உடம்பை என்ன பண்ணுதுன்னு கவர்மெண்ட் நடத்தற ஆராய்ச்சிக்காக, வீடு வீடாப் போய் அளந்து எழுதறது என் வேலை. சர்வேன்னு அடுத்தவங்க வாசல்ல நின்னு பேச்சு வாங்கினவங்களா நீங்க? அப்போ என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

யார் அனுப்பின ஆளு?

செங்கம் ரோட்டுச் சந்துல ஒரு வீடு. எதிர் மாடியில டவர். கதவைத் திறந்த செல்விக்கு அஞ்சு மாசம். அவங்க மாமியார் என் அடையாள அட்டையை வாங்கி, போட்டோவையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. டவர் கம்பெனி ஆளுன்னே முடிவு கட்டிட்டாங்க. இல்லம்மா, கவர்மெண்டுன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னேன்.

"அது இன்னும் மோசம். டவருக்குப் பர்மிஷன் குடுத்ததே நீங்கதான?"

கம்மியான நாள்

அடுத்த வாரம் செல்வியே உள்ள கூப்பிட்டாங்க. போன வருஷம் ஒரு கரு கலைஞ்சிடுச்சாம். இதுவும் போயிடுமோன்னு பயம். இங்கயே இருக்கறதா, அம்மா வீட்டுக்குக் கிளம்பறதான்னு என் மீட்டரைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணப் போறாங்களாம். நல்லது, கெட்டதுன்னு நாங்க வாயைத் திறக்கக் கூடாது. அளவை மட்டும் காட்டலாம். காட்டினேன். அனுமதிச்ச வரம்புக்கு ரொம்பக் கீழதான் இருந்துது.

செல்வி நம்பல. பௌர்ணமிக்கு கிரிவலக் கூட்டம் மொத்தமும் கையில செல்போனோட இந்தப் பக்கம்தான் போகுது, அன்னைக்கு வண்டியில வேற டவர் கொண்டாந்து நிறுத்தறாங்க, அப்போ அளந்தீங்களான்னு கேட்டாங்க. அளக்கறதே இல்ல. அன்னைக்கு ஜீப்பை உள்ள விட மாட்டாங்கன்னு எங்க ஆபீஸ்ல அந்த நாளுக்கு லீவு விட்டுடுவாங்க. உண்மையைச் சொல்லித் தொலைச்சேன்.

"கூட்டம் இல்லாத நாளாப் பாத்து அளந்துட்டு, கம்மின்னு எழுதிக்குவீங்க. நல்லா இருக்குங்க உங்க ஆராய்ச்சி."

நடந்தே போன நாள்

அந்தப் பேச்சு உறுத்திக்கிட்டே இருந்துது. பௌர்ணமி சாயங்காலம் மீட்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு, கூட்டத்துல இடிபட்டு செல்வி வீட்டுக்கு நடந்தே போனேன். அளவு முன்னைக்கு ஜாஸ்திதான்; ஆனா வரம்பைத் தாண்டல. அப்பாடான்னு காட்டினேன். வரம்பை யார் வச்சதுன்னு செல்வி கேட்டாங்க. கவர்மெண்டுன்னேன். வயித்துல இருக்கற குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல முடியுமான்னாங்க. ஆராய்ச்சி இன்னும் முடியலைங்கன்னேன். எனக்கே கேவலமா இருந்துது. செல்வி உள்ள போய்த் துணிப்பையை எடுத்தாங்க.

"உங்க ஆராய்ச்சி மெதுவா முடியட்டுங்க. அதுக்குள்ள நான் எங்கம்மா வீட்ல பெத்துக்கறேன்."

அளவு வரம்புக்குள்ளதான் இருக்குன்னு ஊர் பூரா காட்டிக்கிட்டுத் திரியற நான், வேங்கிக்கால்ல வாடகைக்கு வீடு பாக்கப் போனா, வாசப்படி ஏறறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்து மாடியெல்லாம் அண்ணாந்து பாத்துக்கறேங்க.