கை விழாத படம்

“…விரல் நுனிகூட விழக்கூடாது, சொல்லிப்போட்டன். போன முறையும் உப்பிடித்தான், எடுத்த ஆறு படத்திலையும் குணத்தின்ரை கை!” என்று தவம் அண்ணை சக்கரநாற்காலியில் இருந்தபடி எங்களை அதட்டிக்கொண்டிருந்தார். டென்மார்க்கில், யூட்லாந்துக் குடாநாட்டின் வடமுனைக்குக் கிட்ட, டேனிஷ்காரர் ‘எங்கள் பாலைவனம்’ என்று பெருமையாகச் சொல்லும் மணல்வெளியின் விளிம்பில் நாங்கள் நின்றோம். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பாலைவனம் பார்க்க வருகிற சனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த மணல் காற்றில் ஏறி வருடாவருடம் கிழக்கே நகர்கிறதாம். “பாத்தியளே அண்ணை, மணலுக்கு விசாவும் இல்லை, விசாரணையும் இல்லை” என்றான் குணம். கிரின்ஸ்டெட்டில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். வாய் ஓய்ந்தாலும் கை ஓயாது.

அவன் சொன்னதில் பகிடி பாதிதான். பின்னாளில் ‘தமிழர் வழக்கு’ என்று நாடே கதைத்த அந்த வருடங்களில், மனைவி பிள்ளைகளைக் கூப்பிட நாங்கள் எழுதிப்போட்ட விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் அமைச்சு மேசையில் அசையாமல் கிடந்தன. தவம் அண்ணையின் மனைவி மலர் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தா. அவவின் தமையனோ பொறுமை இழந்துவிட்டார். ‘விண்ணப்பத்தைத் திருப்பி எடும். அந்தப் பனிக்குள்ளை என்ரை தங்கச்சி உம்மைச் சுமந்து திரியவோ?’ என்று ஒரு கடிதம். அதற்குள்ளேயே மலர் ஒளித்து வைத்த துண்டு: ‘நீங்கள் தனியத் திரியிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கோ. அண்ணைக்குக் காட்டவேணும்.’ அதற்காகத்தான் அந்தக் கோடை விடுமுறையில், கடன் வாங்கிய கூடாரமும் புது ஃபிலிம் சுருளுமாக இவ்வளவு தூரம் வந்திருந்தோம்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். செல் குண்டு விழுந்து இரண்டு கால்களும் போன பிறகு, தவம் அண்ணை அங்கே தானாக எங்கேயும் போனதில்லை. பஸ் வந்தால் நாலு பேர் தூக்கி ஏற்றுவார்கள். கோயில், கலியாணவீடு, சலூன், எங்கும் அப்படித்தான். ‘தூக்கட்டுமோ’ என்று யாரும் கேட்டதில்லை. அதைப் போய்க் கேட்பார்களா? இங்கே வந்த புதிதில், தபால்கந்தோர் வாசலில் ஒரு டேனிஷ் கிழவி இவரைப் பார்த்து “கன் டு செல்?” என்றா. தனிய ஏலுமோ என்று கேட்கிறா. இவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அவ்வளவுதான், கிழவி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டா. இவர் அந்தக் கனத்த கதவோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினார். “என்ன கல்நெஞ்சுச் சனமப்பா!” என்று அன்றைக்கு இரவுச் சாப்பாடு முழுக்க எனக்குத் திட்டு. ஆனால் அடுத்த மாதமே அதே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “நீ முதல்லை போ” என்று என்னை உள்ளே விட்டவரும் அவர்தான்.

நாங்கள் கூடாரம் அடித்துத் தங்கிய கேம்பிங்கை நடத்தியவ கிர்ஸ்டன் என்ற உயரமான பெண். மடிக்கிற அளவுகோல் ஒன்று எந்நேரமும் காற்சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருக்கும். கழிவறைக்கு அகலக் கதவும் பிடிகம்பியும், குளிக்கிற இடத்தில் ஒரு இருக்கையும் போட்டிருந்தா. வந்த அன்றே தவம் அண்ணையிடம் எல்லாம் எப்படி என்று கேட்டா. விருந்துக்குப் போன இடத்தில் குறை சொல்லுகிற பழக்கம் எங்களுக்கு ஏது? “எல்லாம் நல்லம்” என்றார். கிர்ஸ்டனின் முகம் சுருங்கிவிட்டது. “நல்லதை நானே பார்ப்பேன். கெட்டதைச் சொல்லத்தான் நீ வேண்டும்!” அவர் தயங்கித் தயங்கி, சமையலறை வாசலில் இருந்த அரைச் சாண் படியைக் காட்டினார். “அது பரவாயில்லை, நாங்கள் தூக்குவம்” என்று நான் இடையில் புகுந்தேன். அவ என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. விடிந்து தேத்தண்ணி வைக்கப் போனால், படியிருந்த இடத்தில் புதுப் பலகைச் சரிவு.

மணலுக்குள் போகும் பலகைப் பாதையும் அவ போட்டதுதான். மணல் மூட மூட, ஒவ்வொரு வசந்தத்திலும் கிண்டியெடுத்து மறுபடி அடுக்குவாவாம். அந்தப் பாதையில்தான் படம். தவம் அண்ணை தானே சக்கரத்தைத் தள்ளத் தொடங்குவார்; ஒரு சக்கரம் பலகையின் ஓரத்துக்கு வரும்; அவ்வளவுதான், குணத்தின் கை பாய்ந்துவிடும். வழிநெடுக எடுத்தது போக, இங்கேயும் இரண்டு தடவை பழுதாகி, ஃபிலிமில் ஒரேயொரு படம் மிஞ்சியிருந்தபோதுதான் நான் முதலில் சொன்ன அந்த அதட்டல். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற கிர்ஸ்டன், தன் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக் காட்டினா. இப்படி நில்லுங்கள் என்று அர்த்தம். பெரியவர் ஒருவருக்கு முன்னால் அப்படி நின்று எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஒரு கையை விட்டேன், மற்றதில் கமரா. “சாரத்துக்கு எங்கையண்ணை பொக்கெற்?” என்று, கட்டியிருந்த லுங்கியைக் காட்டி, குணம் அழாக்குறையாகக் கேட்டான். கடைசியில் மணலில் குந்தி, தன் கைகள் மேலேயே ஏறி இருந்தான்.

தவம் அண்ணை தள்ளினார். பாதி வழியில் சக்கரம் வழுக்கியது. குணம் கண்ணை மூடிக்கொண்டான். அவர் கொஞ்சம் பின்னே எடுத்து, நேராக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளினார். கடைசிப் பலகையில் நின்று திரும்பிச் சிரித்தார். அழுத்தினேன். முன்னால் மணல், பின்னால் வானம், நடுவில் அவர் மட்டும்.

அந்தப் படம் இன்றைக்கு வைலே நகரில் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. விசா கிடைத்து வந்தபோது மலரே கொண்டுவந்து மாட்டினா. ஆனால் படம் கையில் கிடைத்ததும் மலர் எழுதிய பதிலை என்னால் மறக்கமுடியாது: ‘அண்ணை நம்பீட்டார். எனக்குத்தான் நித்திரை இல்லை. அவ்வளவு பெரிய வெளியிலை உங்களுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இல்லையோ?’

இருந்தோம். கமராவுக்கு இந்தப் பக்கம். அன்றைக்கு, பலகை முடிந்த இடத்துக்கு அப்பால் மணல் மேடு எழுந்து நின்றது. உச்சியில் ஏறினால் கடல் தெரியும் என்று கிர்ஸ்டன் சொல்லியிருந்தா. படம் எடுத்து முடிந்ததும் தவம் அண்ணை மேட்டை ஒருக்கால் பார்த்தார். எங்களை ஒருக்கால் பார்த்தார். சக்கரத்தின் பூட்டைப் போட்டார். பிறகு இரண்டு கைகளையும் எங்களை நோக்கி மேலே தூக்கினார்.