கையைக் கொடுங்க

நோயாளியைத் தொடும் கை சில்லென்று இருக்கக்கூடாது என்று, வெந்நீர்ப் பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டியபடியே, கதவைத் தோளால் தள்ளித் திறக்கிறார் மூட்டுவாத டாக்டர். நோயாளியைக் கூப்பிடும் வேலையை அவர் யாரிடமும் விடுவதில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுகிறாரா, கொண்டுவந்த பையை விரலில் தொங்கவிட்டிருக்கிறாரா, முழங்கையில் மாட்டியிருக்கிறாரா, முதல் நாலு அடி எப்படி விழுகிறது என்பதெல்லாம் வாசலில் நின்றால்தான் தெரியும். ஆள் கிட்டே வந்ததும் "வாங்க, கையைக் கொடுங்க" என்பார். வந்தவர் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார். அதற்குள் டாக்டரின் கட்டைவிரல் ஒவ்வொரு விரல் கணுவிடமும் நலம் விசாரித்து முடித்திருக்கும்.

இந்தப் பழக்கம் மருத்துவமனையோடு நின்றால் தேவலை. மகளின் கல்யாணப் பேச்சுக்குப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா கை நீட்டினார். இவர் பிடித்த கையை விடாமல், "சம்பந்தி, காலையில எழுந்ததும் விரல் மடங்குதா?" என்று கேட்டுவிட்டார். டாக்டரின் கணவர் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். சம்பந்தியோ, "சட்டைக்குப் பொத்தான் போடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுதுங்க" என்று ஆரம்பித்தவர், காப்பி ஆறிப்போகும்வரை நிறுத்தவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தியும் இப்போது தானே பொத்தான் போட்டுக்கொள்கிறார்.

"கால் உடைஞ்சா கட்டு இருக்கும், பார்க்கிறவங்க பாவம்னு சொல்வாங்க. இவங்களுக்கு வெளியில ஒண்ணும் தெரியாது. வீட்டுல சோம்பேறின்னு பேர் வாங்கிட்டு இங்க வர்றாங்க" என்பார் டாக்டர். அதனால் கூட வந்தவரையும் உள்ளே அழைப்பார். மேசை இழுப்பறையில் தடித்த கம்பளிக் கையுறை ஒரு ஜோடி இருக்கிறது. அதை வந்தவர் கையில் மாட்டிவிட்டு, "இந்த பாட்டிலைத் திறங்க பார்ப்போம்" என்பார். திணறிப்போகும் கணவன்மார்கள் பலர் அன்று மனைவியின் பையைத் தாங்களே வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள்.

போன வருஷம் வந்த ஒரு பெண்ணுக்குக் கையுறைப் பாடம் தேவைப்படவில்லை. அவள் தனியாள். முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். வீங்கிய விரல்கள் கத்தரியின் வளையத்துக்குள் நுழைய மறுத்தன.

"கடையை ஒருத்தங்க கேக்கறாங்க டாக்டர். கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"கொடுக்காதேம்மா. இந்த மருந்து மெதுவாத்தான் பிடிக்கும். கொஞ்சம் பொறு."

"அப்பவும் சரியாகலைன்னா?"

"என்கிட்ட வந்து சண்டை போடு."

மருந்து பிடிக்கவில்லை. கடையைக் கேட்டவர்களும் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் வந்தாள், சண்டை போடவில்லை. வீங்கிய கைகளை மேசைமேல் நீட்டினாள். டாக்டர் மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு இரவு வீட்டில், "திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்" என்றார் கணவரிடம். "நல்ல மனசுல சொன்ன வார்த்தைதானே" என்று அவர் தேற்றினார். "மனசு நல்லா இருந்து என்ன, விரல் மடங்கணுமே" என்றார் டாக்டர்.

புது மருந்தால் வீக்கம் லேசாக வடிந்தது. அதற்கடுத்த முறை அவள் வரவேயில்லை. போனையும் எடுக்கவில்லை. கடையை மூடிவிட்டாளோ என்ற பயம் டாக்டரைப் பிடித்துக்கொண்டது. மாலையில் விலாசத்தைத் தேடிக்கொண்டு தானே போனார்.

கடையில் விளக்கு எரிந்தது. பெஞ்சில் இருவர் காத்திருந்தார்கள். கத்தரிச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"ஏம்மா வரலை?"

"கூட்டம் டாக்டர், நேரமே கிடைக்கலை" என்று சிரித்தாள் அவள்.

"மருந்தை நிறுத்திடலையே?"

"நிறுத்துவேனா? திங்கக்கிழமை கண்டிப்பா வர்றேன்."

"சரி, கையைக் காட்டு."

"கைக்கு வேலை இருக்கு. நீங்க உட்காருங்க, இவங்களை முடிச்சதும் உங்களுக்குத்தான். தலை எப்படி இருக்குன்னு கண்ணாடியில பார்த்தீங்களா?"

பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். முறை வந்ததும் டாக்டர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றித் துணி விழுந்தது. கத்தரி ஓட ஆரம்பித்ததும், அந்த விரல்கள் எப்படி மடங்குகின்றன, மணிக்கட்டு எவ்வளவு திரும்புகிறது என்று எதிரே இருந்த கண்ணாடியில் எட்டி எட்டிப் பார்த்தார்.

"தலையை ஆட்டாதீங்க டாக்டர். ஏறுக்கு மாறா போயிடும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, துணிக்கடியில் மடியில் வைத்துக்கொண்டார்.