என் பெயரில் எடுத்த ரத்தம்

நீலசந்திரா க்ளினிக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். என் மகள் எழுந்து போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி யாரோ மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருஷமாக ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி போடுகிறேன். அந்த வாரம் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே தலை சுற்றி விழுந்துவிட்டேன். சூப்பர்வைசர் மிரண்டு போனார்.

"சுகர் ரிப்போர்ட் எடுத்துட்டு வாம்மா. நார்மல்னா வேலைக்கு வா. இல்லன்னா வீட்ல ரெஸ்ட் எடு."

ரெஸ்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? கணவர் இறந்தபிறகு சம்பாதிப்பது நான் ஒருத்திதான். எனக்குச் சர்க்கரை இருப்பது நாலு வருஷமாக எனக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இரண்டு நாள் பட்டினி கிடந்து, மெடிக்கல் ஷாப்பில் விரலைக் குத்திப் பார்த்தேன். பாழாய்ப்போன சர்க்கரை இறங்குவேனா என்றது. கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"எனக்கு இருபது வயசுதானம்மா, எனக்கென்ன? என் ரத்தத்தக் குடுக்கறேன்" என்றாள் மகள்.

நல்ல தாயாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். நான், "காலையில காபிகூட குடிக்காம கெளம்பு" என்றேன்.

யாரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை. சீட்டில் என் பெயர், வயது நாற்பத்து நாலு. ரத்தம் எடுக்கிற பெண் "பேக பன்னி, பேக பன்னி" என்று கன்னடத்தில் சீக்கிரம் வரச்சொல்லி எல்லோரையும் அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். வந்து நின்ற முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா உள்ளே அழைத்தார். இருவரும் போனோம். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"வெறும் வயித்துலயே முன்னூறுக்கு மேல இருக்கும்மா. இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேலை போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன். அது யாருடைய ரத்தம் என்பது அப்புறம்தான் உறைத்தது. இரண்டு மாதமாக அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். பரீட்சைக் கவலை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். என் சர்க்கரையை ஒளிப்பதிலேயே குறியாக இருந்தவளுக்கு எதிரே இருந்த பிள்ளை கண்ணில் படவில்லை.

டாக்டர் எனக்கு மாத்திரை எழுத ஆரம்பித்தார். மகள் மேஜைக்கடியில் என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"சொல்லாதம்மா" என்றாள் மெதுவாக. "தப்பா வந்திருக்கும். வெளிய போயிடலாம்."

எனக்கும் ஓடிவிடத்தான் தோன்றியது. போலீஸைக் கூப்பிடுவார்களோ, கேன்டீனுக்குச் சொல்வார்களோ என்று பயம். பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"மேடம், எழுதாதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "வயசு நாப்பத்தி நாலு இல்ல மேடம். இருபது."

டாக்டர் நிமிர்ந்தார். பஞ்சை வைத்து மடக்கியிருந்த என் மகளின் கையை அப்போதுதான் பார்த்தார்.