குழாயடிக்குப் பக்கத்தில்

எங்கள் பகுதிப் பிரசவ ஆஸ்பத்திரியைக் கட்டப் பதினோரு வருடம் இழுத்தடித்தார்கள். இடிக்க நான்கு நாள் போதுமாக இருந்தது. அங்கே முப்பது வருடம் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் என் அத்தான், அக்காவின் கணவர். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. கர்ப்பிணிகளைச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போகும்போது, "கண்ண மூடிக்கங்கம்மா, ஏரோப்ளேன் ஏறுது" என்பார். வலியிலும் சிரித்துவிடுவார்கள். வீட்டில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவாள்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அழாமல் பிறந்த குழந்தையை அந்தக் காலத்தில் தாயிடம் காட்ட மாட்டார்கள். நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றிக் கொடுப்பார்; அத்தான் பின்வாசலில் நிற்கும் நகராட்சி வண்டியில் ஒப்படைக்க வேண்டும். மயக்கம் தெளிந்த பெண்கள் டாக்டரிடம் கேட்கப் பயந்து இவரைத்தான் கேட்பார்கள்.

"எங்கண்ணா வச்சீங்க?"

வண்டி எங்கே போகும் என்று இவருக்கே தெரியாது. முதல் தடவை வாயில் வந்ததைச் சொன்னார்: "பின்னாடி, குழாயடிக்குப் பக்கத்துலதாம்மா." அந்தப் பெண் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள். பிறகு அதையே எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார்.

அக்காவின் முதல் பிள்ளையும் அழவில்லை. அதையும் அவர்தான் எடுத்துப் போனார். அக்காவிடமும் குழாயடி என்றே சொன்னார். அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை; அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம். மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் அக்கா தினமும் குழாயடியில் நின்றுவிட்டு வருவாள். பின்னால் பிறந்த இருவரின் பள்ளி மார்க்கைக்கூட அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

இடிக்கிறார்கள் என்றதும், ஒரு பிடி மண்ணாவது எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று பேரும் போனோம். பாதிக் கட்டடம் ஏற்கெனவே தரையில் கிடந்தது. பொக்லைன் ஓட்டுநர் நல்ல மனிதர். "பத்து நிமிஷம்மா, சீக்கிரம் எடுத்துக்கங்க" என்று எஞ்சினை நிறுத்தினார். அக்கா குனிந்து மண்ணில் கை வைத்தாள். அத்தானால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அங்க இல்ல. எங்கன்னு எனக்கே தெரியாது. வண்டியில குடுத்துட்டு, அடுத்த கேஸத் தள்ள உள்ள போயிட்டேன்."

அக்கா குனிந்தபடியே இருந்தாள். "அப்ப இத்தன வருஷமா நான் யார்கிட்டங்க பேசிட்டிருந்தேன்?" என்றாள்.

அப்போது தலை நரைத்த ஒரு பெண்மணி தகர வேலியைத் தாண்டி வந்தார். கையில் சின்னத் துணிப்பை. அத்தானை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானே அண்ணா அன்னிக்கு குழாயடின்னு சொன்னது? இடிச்சுப் போட்டதுல எனக்கு எடமே தெரியல. எம்பொண்ணு எங்க இருக்கா?"

அத்தான் வாயைத் திறந்தார். உண்மை சொல்லும் பழக்கம் அன்றைக்குத்தான் அவரைத் தொற்றியிருந்தது. அக்கா முந்திக்கொண்டாள்.

"இங்க வாங்கக்கா, நான் காட்டுறேன்."

உடைந்த குழாயருகே அந்த அம்மாளை உட்கார வைத்தாள். செங்கல் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, தன் கையாலேயே மண்ணை அள்ளி அவர் பையில் போட்டாள்.

"உங்களுக்கும் இங்கதானா?" என்று அவர் கேட்டார்.

"ஆமாக்கா," என்றாள் அக்கா. "பக்கத்துலயேதான்."