லுவான் அண்ணனின் ஓட்டும் பழக்கம்

லின்ச்யூ ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் லுவான் ஷிக்குவெய்யிடம் திட்டு வாங்கியவர்கள். இருபத்தாறு வருடமாக ஓட்டுநர் பள்ளியில் வாத்தியார். பிரேக்கை அழுத்தி மிதித்தால், "அது என்னடா, ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் மிதிக்கிறியா?" என்பார். அதே பள்ளியில் அவருக்குக் கீழே இத்தனை காலம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நல்ல மனிதர்தான். ஆனால் அவர் ஓட்டுவதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அப்பேர்ப்பட்டவரிடம் கார் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் சொன்னாள். "சார், வண்டில ஒரு கோளாறும் இல்ல. உங்க ஓட்டும் பழக்கத்தக் கொஞ்சம் மாத்திப் பாருங்க."

போனை அவர் சுவரில் அடிக்கவில்லை. அடிக்கப் போனார், நான் பிடுங்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரும் நானும் ஒரே நாளில் ஒரே மாதிரி மின்சாரக் கார் வாங்கினோம். ஒரு தடவை சார்ஜ் செய்தால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியது. ஒயரைச் செருகிவிட்டு ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டு வருவதற்குள் நிரம்பிவிடும். போன வசந்தத்தில் ஒரு நாள், பேட்டரியின் நலனுக்காக ஏதோ புதிதாக அனுப்பியிருக்கிறோம், சம்மதமா என்று காரின் திரை கேட்டது. அழுத்தினோம். எல்லோரும் அழுத்தினார்கள். அன்றோடு ஐந்நூறு முந்நூற்றைம்பது ஆயிற்று. குளிர் வந்ததும் இருநூறே பெரிய விஷயம். நூடுல்ஸ் சாப்பிட்டு, கடைக்காரரின் மருமகள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு வந்தாலும் பாதிதான் ஏறியிருக்கும். எங்கள் கார்க்காரர்கள் குழுவில் நானூறு பேர் தினமும் போனில் ஒப்பாரி வைத்தார்கள். நான் வண்டியை விற்றுத் தலைமுழுகினேன். லுவான் அண்ணன் விற்க மாட்டேன் என்றார். விற்றால் தப்பு தன் காலில்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம்.

இந்த லட்சணத்தில், தங்கை மகன் ஜின்போவின் கல்யாணத்தில் பெண்ணை அழைத்துவரத் தன் கார்தான் முன்னே போகும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்ததற்குக் காரணம் உண்டு. முப்பத்தொரு வருடத்துக்கு முன் தங்கை ஷிஃபென்னை மாப்பிள்ளை வீட்டுக்குத் தன் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனவர் இவர்தான். பாதி வழியில் டயர் பஞ்சர். கல்யாணப் பெண், புதுச் சிவப்புச் செருப்போடு சேற்றில் இரண்டு மைல் நடந்தாள். "நடந்து வந்தவதானே நீ" என்று மாமியார்க்காரி சாகும்வரை சொல்லிக் காட்டினாள். அந்தப் பேச்சு ஒவ்வொரு தடவையும் இவருக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

தங்கை பக்குவமாகத்தான் கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, பெட்ரோல் கார் ஒண்ணு பேசிக்கலாமே. போன வழியில திரும்பக் கூடாது, நடுவுல நிக்கக் கூடாது, பன்னெண்டு மணிக்குள்ள பொண்ணு வாசலுக்கு வந்தாகணும். உன் வண்டி தாங்குமா?"

"ஏம்மா, உம் மருமக காலு தரையில படாம கொண்டாந்து சேக்கலைன்னா என்னை லுவான்னு கூப்பிடாத."

"சைக்கிள்லயும் இதேதான் சொன்ன," என்றாள் ஷிஃபென்.

முந்தின நாள் மத்தியானமே சார்ஜ் போடப் போனார். முன்னால் பதினொரு வண்டி. இவர் முறை வந்து, எழுபது சதவீதத்தைத் தொடும்போதே பூக்கடைக்காரன் ஆறாவது தடவையாகக் கூப்பிட்டுவிட்டான். காரின் முன்னும் பின்னும் ரோஜா வைக்க வேண்டும், கடையைச் சாத்த வேண்டும். எழுபது போதும் என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை ஆறு கார்கள் புறப்பட்டோம். முதல் காரில் அவர் ஓட்டுகிறார், பின்னால் மாப்பிள்ளை ஜின்போ, முன்னால் நான். என் வேலை, பாலம் வரும்போதெல்லாம் நல்ல சகுனத்துக்காகக் கண்ணாடியை இறக்கிச் சிவப்புக் காகிதம் வீசுவது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி. உள்ளேயும் அதேதான், ஹீட்டர் போட்டால் நாற்பது கிலோமீட்டர் போய்விடும் என்று அணைத்து வைத்திருந்தார். மலையடிவாரத்தில் பெண் வீட்டுக்குப் போய் நின்றபோது திரையில் முப்பத்தெட்டு சதவீதம். திரும்புகிற வழியோ அணையைச் சுற்றிக்கொண்டு மேடேறி வருவது.

"கவலப்படாதடா," என்றார் என்னிடம். "உள்ள பொண்ணோட செருப்ப ஒளிச்சு வெச்சு வெளையாடி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள இவங்க வீட்டுலயே ஏத்திக்கலாம்."

சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே விட்டார். உள்ளே மாப்பிள்ளைத் தோழர்கள் மணப்பெண்ணின் செருப்பைத் தேடிக் கட்டிலுக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள், பாட்டு அலறிக்கொண்டிருந்தது. செருகிய நாலாவது நிமிடம் பாட்டு நின்றது. விளக்கு நின்றது. வந்தவர்களுக்கு முட்டை வெந்துகொண்டிருந்த மின் அடுப்பும் நின்றது.

பெண்ணின் அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். ஒயரைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"பொண்ணக் கூட்டிட்டுப் போறீங்க, சரி. ஊட்டு கரண்டையுமா கூட்டிட்டுப் போறீங்க?"

"சம்பந்தியம்மா, கொஞ்சூண்டுதான்..."

"எம் பொண்ணு நடுவழியில நின்னா, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

அண்ணன் ஒயரைச் சுருட்டினார். அவர் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஜின்போ மணப்பெண் வென்ஜிங்கை முதுகில் சுமந்துகொண்டு காருக்கு வந்தான். ஒல்லிப் பையன், வாசலிலிருந்து கார் வரைக்கும் பதினைந்து அடி, அதற்கே முட்டி ஆடியது. பெண் மெல்லிய உடுப்பில் இருந்தாள். கார் கிளம்பி ஐந்து நிமிடத்தில் அவள் பல் தந்தியடித்தது.

"மாமா, ஹீட்டர் வேலை செய்யலையா?"

"செய்யும்மா. ஆனா போட மாட்டேன்."

ஜின்போ பின்னாலிருந்த சீதன ரஜாயைப் பிரித்தான். கல்யாண ரஜாயை முதலிரவுக்கு முன்னால் பிரிப்பது வழக்கமில்லைதான். அதற்குள் பிள்ளைப்பேறு வேண்டி மடித்து வைத்திருந்த சிவப்புப் பேரீச்சையும் வேர்க்கடலையும் சீட்டெல்லாம் கொட்டின. வென்ஜிங் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, கடலையை உடைத்துத் தின்ன ஆரம்பித்தாள். எனக்கும் இரண்டு கொடுத்தாள். அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

அணை மேட்டில் பன்னிரண்டு சதவீதம். இறக்கத்தில் தானாகவே கொஞ்சம் சார்ஜ் ஏறும் என்றார், ஒன்று ஏறியது. மி ஆற்றுப் பாலத்தில் நான் கண்ணாடியை இறக்கியபோது, "சீக்கிரம் மூடுடா, காத்து வண்டிய இழுக்குது!" என்று கத்தினார். ஊருக்குள் நுழையும்போது திரையில் ஒரு ஆமைப் படம் வந்து உட்கார்ந்தது. வண்டி சைக்கிள் வேகத்துக்கு இறங்கியது. பின்னாலிருந்த ஐந்து கார்களும் ஹாரன் அடித்தன. காய்கறி மூட்டையோடு மிதிவண்டியில் போன ஒரு கிழவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பிப் பார்த்து வாழ்த்தும் சொன்னார்.

தங்கை வீட்டுக்கு அறுநூறு மீட்டர் இருக்கும்போது வண்டி நின்றது. மணி பதினொன்று நாற்பது.

பின் கார்க்காரர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். பெண்ணை இறக்கி வேறு காரில் ஏற்றலாம் என்றான் ஒருவன். "காலு தரையில படக் கூடாது!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் அவன் இரண்டடி பின்வாங்கினான். மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு நடக்கட்டும் என்றான் இன்னொருவன். எல்லோரும் ஜின்போவின் காலைப் பார்த்தோம்.

அண்ணன் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"ஜின்போ, நீ ஸ்டியரிங்கப் பிடி. நியூட்ரல்ல போடு."

"மாமா, நான் உங்க ஸ்கூல் டெஸ்ட்லயே மூணு தடவ ஃபெயில்."

"தெரியும். நான்தானே ஃபெயில் போட்டேன். ஏறு!"

தள்ளினோம். ஒன்பது பேர், புது கோட்டும் மார்பில் சிவப்புப் பூவுமாக. நடுவில் அண்ணன், ரோஜா ஒட்டிய பின்கதவில் தோளைக் கொடுத்துக்கொண்டு, தள்ளிக்கொண்டே பாடம் நடத்தினார். "நேராப் பிடி! தூரத்தப் பாரு, டயரப் பாக்காத! கல்யாணம் ஆகப்போகுது, இன்னும் இடது வலது தெரியல!" வழுக்கைத் தலையிலிருந்து அந்தக் குளிரில் ஆவி பறந்தது. ஐம்பத்தேழு வயது மனிதர் அப்படி மூச்சிரைப்பதைப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

தெருமுனை திரும்பியதும் வாசலில் கூட்டம் தெரிந்தது. முன்னால் ஷிஃபென், சிவப்புப் பட்டுச் சட்டையில். வண்டி வருவதைப் பார்த்தாள், அதற்குப் பின்னால் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மாமியார் பேச்சைவிட மோசமாக ஏதாவது வரப்போகிறது என்று நானும் நினைத்தேன். அவள் விறுவிறுவென்று வந்து, என்னை ஒதுக்கிவிட்டு, அவர் பக்கத்தில் நின்று காரில் கை வைத்தாள்.

"நீ எதுக்கும்மா? மாப்பிள்ளையோட அம்மா நீ..." என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

"சும்மா தள்ளுண்ணே. என்னை நடக்க வெச்ச. இவளத் தள்ளிக்கிட்டாவது வந்துட்ட. முப்பத்தொரு வருசத்துல இது முன்னேத்தம்தானே?"

லுவான் அண்ணன் அழுதார். மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை. இரண்டு பேருமாகத் தள்ளி, பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது வண்டியை வாசலில் சேர்த்தார்கள். வெடி வெடித்தது. வென்ஜிங் ரஜாயோடே சிவப்புக் கம்பளத்தில் கால் வைத்தாள். மடியிலிருந்து கடலைத்தோல் உதிர்ந்தது.

உள்ளேயிருந்து ஜின்போ கத்தினான். "மாமா! திரையில என்னமோ வருது! 'பயணம் முடிந்தது. இன்று உங்கள் ஓட்டும் பழக்கம் மிகச் சிறப்பு. மின் சிக்கனம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு'ன்னு போட்டிருக்கு!"

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த லுவான் அண்ணன் நிமிர்ந்தார்.

"மிச்சம் ரெண்டு மார்க்க எதுக்குடா கொறச்சான்?"